யூரோப்பியம் +2, +3: கலப்பு இணைதிறன் சல்பைடுகளிலும் பெரோவ்ஸ்கைட்டுகளிலும் அயனியின் நிலையைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று யூரோப்பிய அணுவுக்கு நான்கு கந்தக அணு என்ற விகிதத்தில் அமைந்த கருநிறச் சல்பைடில் யூரோப்பியத்தின் சராசரி இணைதிறன் 2.67 ஆகும். இந்த எண்ணைக் கணக்கிடப் பள்ளி வேதியியலே போதும். அந்த எண்ணுக்குப் பின்னால் உண்மையில் என்ன நிகழ்கிறது என்று சொல்வதுதான் கடினம். மூன்றில் ஓர் அணு +2 நிலையிலும் மற்ற இரண்டு +3 நிலையிலும் அசையாமல் நிற்கலாம். ஓர் எலக்ட்ரான் மூன்று அணுக்களுக்கிடையே ஓயாமல் தாவிக்கொண்டிருக்கலாம். நம் பொடியே தூய்மையற்றதாக, +2 நிலை கொண்ட ஒரு சேர்மமும் +3 நிலை கொண்ட இன்னொரு சேர்மமும் கலந்த கலவையாக இருக்கலாம். மூன்று நிலைமைகளிலும் சராசரி ஒன்றாகவே வரக்கூடும்.

யூரோப்பியம் உள்ள சல்பைடையோ பெரோவ்ஸ்கைட்டையோ (இரண்டு வகை நேரயனிகளும் ஆக்சிஜனோ ஹாலஜனோ சேர்ந்த ஒரு படிக அமைப்பு) தயாரித்து, அதிலுள்ள அயனியின் நிலையைப் பற்றி உறுதியாகப் பேச விரும்பும் முதுநிலை மாணவர்களையும் ஆய்வைத் தொடங்குவோரையும் மனத்தில் கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒரு கால அளவையும் ஓர் ஆழ அளவையும் கொண்டிருக்கிறது. அவற்றை அறியாமல் எடுத்த இணைதிறன் எண்ணுக்குப் பொருள் இல்லை என்பதே இதன் அடிப்படைக் கருத்து. படிகளின் வரிசையும் அந்தக் கருத்தை ஒட்டியே அமைந்துள்ளது.

அளவீட்டுக்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

யூரோப்பியம் 63ஆம் தனிமம். பிரெஞ்சு வேதியியலாளர் யூஜீன் அனத்தோல் டெமார்சே 1901ஆம் ஆண்டில் இதைத் தனித்துப் பிரித்தார். அருமண் தனிமங்களான லாந்தனைடுகளுள் பெரும்பாலானவை +3 நிலையிலேயே நிலைத்திருக்க, யூரோப்பியம் +2 நிலைக்கு மிக எளிதில் இறங்குவதற்குக் காரணம் அதன் 4எஃப் கூடு. +2 அயனியில் அக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்கள் ஏழு ஆர்பிட்டால்களில் ஒவ்வொன்றாக அமர்ந்து, கூடு சரிபாதி நிரம்பியிருக்கும். +3 அயனியில் ஆறு எலக்ட்ரான்களே இருக்கும். நீர்க்கரைசலில் இவ்விரு நிலைகளுக்கிடையேயான திட்ட மின்னழுத்தம் ஏறத்தாழ −0.35 வோல்ட். ஆகவே +2 அயனியை உண்டாக்கலாம், காற்றுப்படாமல் காத்தும் வைக்கலாம். ஆக்சிஜன் கிடைத்த இடத்தில் அது +3 ஆகிவிடும்.

அளவில் இரண்டு அயனிகளும் பெரிதும் வேறுபடுகின்றன. ஆறு அண்டை அணுக்கள் சூழ்ந்த நிலையில் +2 அயனியின் ஆரம் 1.17 ஆங்ஸ்ட்ராம், +3 அயனியின் ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம். அதே சூழலில் ஸ்ட்ரான்சியத்தின் +2 அயனி 1.18, ஈயத்தின் +2 அயனி 1.19 ஆங்ஸ்ட்ராம். இந்த மூன்று +2 அயனி ஆரங்களின் நெருக்கத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: ஆக்சைடு பெரோவ்ஸ்கைட்டில் யூரோப்பியம் ஸ்ட்ரான்சியத்தின் இடத்தையும், ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டில் ஈயத்தின் இடத்தையும் பிடிக்க முடிவது இதனால்தான். நிலாப் பாறைகளிலும் இதே வேதியியல் தன் தடத்தை விட்டிருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த பாறைக்குழம்பில் +2 நிலைக்கு இறங்கிய யூரோப்பியம், கால்சியமும் ஸ்ட்ரான்சியமும் அமரும் பிளாஜியோகிளேஸ் கனிமத்தில் சேர்ந்துகொண்டதால், நிலாவின் மேட்டுநிலப் பாறைகளில் அது மிகுந்தும், கருநிறச் சமவெளிகளின் எரிமலைப் பாறைகளில் குறைந்தும் காணப்படுகிறது.

முதற்படி: மின்சுமைக் கணக்கும் படிக இடங்களும்

எந்தக் கருவியையும் நாடுமுன் சேர்மத்தின் மின்சுமையைத் தாளில் கணக்கிட வேண்டும். 3:4 சல்பைடில் நான்கு கந்தக அயனிகள் −8 மின்சுமையைத் தருகின்றன. மூன்று யூரோப்பியங்கள் +8 தர வேண்டும். ஆகவே ஒரு +2, இரண்டு +3. அடுத்து, படிக அமைப்பில் யூரோப்பியம் அமரும் இடங்கள் எத்தனை வகை என்று பார்க்க வேண்டும். இந்தச் சல்பைடு தோரியம் பாஸ்பைடு வகைக் கனசதுர அமைப்பைக் கொண்டது. அதன் அலகுக்கூட்டிலுள்ள 12 யூரோப்பியங்களும் ஒரே வகை இடத்தில், ஒவ்வொன்றும் எட்டுக் கந்தகங்களால் சூழப்பட்டு அமர்ந்திருக்கின்றன. இடங்கள் ஒத்தவையாக இருப்பதால் எலக்ட்ரானுக்கு எந்த அணுவிடமும் தனிப்பட்ட நாட்டம் இல்லை. அது தாவுவதற்கு வழி திறந்திருக்கிறது.

இதற்கு மாறாக, இரண்டு யூரோப்பியமும் ஒரு செம்பும் மூன்று கந்தகமும் கொண்ட சல்பைடில் யூரோப்பியத்துக்கு இரண்டு வெவ்வேறு இடங்கள் உண்டு. பெரிய இடத்தில் +2 அயனியும் சிறிய இடத்தில் +3 அயனியும் அமர்ந்துவிடுவதால், அங்கே எலக்ட்ரான் எளிதில் இடம் மாறுவதில்லை. கலப்பு இணைதிறன் சேர்மங்களை வேதியியலாளர்கள் ராபினும் டேயும் 1967இல் மூன்று வகுப்புகளாகப் பிரித்தபோது அடிப்படையாகக் கொண்டதும் இந்த வேறுபாடுதான்: முதல் வகுப்பில் எலக்ட்ரான் தன் இடத்திலேயே பூட்டப்பட்டிருக்கும், இரண்டாவதில் சிறிது ஆற்றல் கொடுத்தால் தாவும், மூன்றாவதில் எல்லா இடங்களுக்கும் பொதுவாகிவிடும். 3:4 சல்பைடு இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது.

ஆக்சைடு பெரோவ்ஸ்கைட்டில் யூரோப்பியத்தின் நிலையை முடிவு செய்வது அதனுடன் கூட்டுச் சேரும் மற்ற உலோகமே. டைட்டேனியம் +4 நிலையில் அசையாமல் நிற்பதால் யூரோப்பியம் டைட்டனேட்டில் யூரோப்பியம் +2. சிர்க்கோனேட்டிலும் அவ்வாறே. இரும்பு, மாங்கனீசு, கோபால்ட்டு, நிக்கல் ஆகியவற்றுடன் சேரும்போது அவை +3 நிலையை ஏற்கின்றன, யூரோப்பியமும் +3 ஆகிறது. ஆகவே 'பெரோவ்ஸ்கைட்டில் யூரோப்பியத்தின் இணைதிறன் என்ன' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பெரோவ்ஸ்கைட்டு என்பதே முதற்கேள்வி.

இரண்டாம் படி: மாதிரியைத் தயாரித்தல்

பின்னர் எழும் ஐயங்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பதால், இப்படியில் அவசரம் கூடாது. யூரோப்பியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே எடை போடுமுன் அதை 900 டிகிரி செல்சியசு அளவில் இரவு முழுதும் சூடாக்கி, உலர்காப்பில் ஆறவைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் எடைக்கணக்கே பிசகி, உலோக விகிதம் தொடக்கத்திலேயே மாறிவிடும்.

3:4 சல்பைடைப் பெற நம்பகமான வழி, முதலில் 1:1 சல்பைடைத் தயாரித்து, பின்பு தேவையான கந்தகத்தை அளந்து சேர்ப்பதாகும். மூன்று மூலக்கூறு 1:1 சல்பைடுக்கு ஓர் அணு கந்தகம் என்ற கணக்கில், ஒரு கிராம் சல்பைடுக்கு 0.058 கிராம் கந்தகம் தேவைப்படும். இவற்றை மந்தவாயு நிறைந்த கையுறைப் பெட்டிக்குள் அரைத்து, வெற்றிடமாக்கி மூடிய சிலிக்கா குழலில் இட்டு மெதுவாகச் சூடாக்க வேண்டும். கந்தகம் 445 டிகிரியில் கொதிக்கும் என்பதால், வேகமாகச் சூடேற்றினால் குழலுக்குள் அழுத்தம் கூடி வெடிக்கும்; வெப்பநிலையைப் படிப்படியாக உயர்த்துவதும், உலையைப் பாதுகாப்புத் திரைக்குப் பின்னால் வைப்பதும் கட்டாயம். அதிக வெப்பத்தில் 3:4 சல்பைடு கந்தகத்தை இழந்து மீண்டும் 1:1 சல்பைடாகும் என்பதால் மேல் வரம்பும் உண்டு. யூரோப்பியம் உலோகத்திலிருந்தே தொடங்குவோர் அது சூடான சிலிக்காவை அரிக்கும் என்பதை நினைவில் வைத்து, அலுமினா கிண்ணத்தையோ கார்பன் பூச்சு கொடுத்த குழலையோ பயன்படுத்த வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைக் கொண்டு ஆக்சைடைச் சல்பைடாக்கும் முறையில் அந்த வாயுவின் நச்சுத்தன்மையை எத்தனை முறை எச்சரித்தாலும் தகும்: அதிக அடர்வில் அது மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடுவதால், வாடை வரவில்லை என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது.

சல்பைடு தயாரிப்பில் கண்ணுக்குத் தப்பும் எதிரி ஆக்சிசல்பைடு. சிறிது ஆக்சிஜன் புகுந்தாலும் யூரோப்பியம் ஆக்சிசல்பைடு உருவாகும்; அதில் யூரோப்பியம் முழுவதும் +3. அளவீட்டில் +3இன் பங்கு எதிர்பார்த்ததைவிடக் கூடியிருந்தால், புதிய இயற்பியலைத் தேடுமுன் இதைத் தேட வேண்டும்.

டைட்டனேட்டுக்கு யூரோப்பியம் ஆக்சைடையும் டைட்டேனியம் டைஆக்சைடையும் கலந்து, ஹைட்ரஜன் கலந்த ஆர்கான் ஓட்டத்தில் 1000 டிகிரிக்கு மேல் சூடாக்குவது வழக்கம். டைட்டேனியத்தின் +3 ஆக்சைடைப் பயன்படுத்தினால் ஹைட்ரஜனின் துணையே தேவையில்லை. அதிலுள்ள டைட்டேனியமே ஓர் எலக்ட்ரானை யூரோப்பியத்துக்குக் கொடுத்து +4 ஆகிவிடும். ஒடுக்கம் போதவில்லையென்றால் பைரோகுளோர் அமைப்புடைய, யூரோப்பியம் +3 நிலையில் உள்ள டைட்டனேட்டு கிடைக்கும். அது வெளிர் நிறம். நாம் விரும்பும் பெரோவ்ஸ்கைட்டு கருமை. சாம்பல் நிறப் பொடி கையில் வந்தால் மீண்டும் உலைக்கு அனுப்புவதே நல்லது.

இந்த வேறுபாடு நமக்கு ஓர் எளிய சோதனையையும் தருகிறது. கருநிற டைட்டனேட்டைக் காற்றில் சூடாக்கினால் அது ஆக்சிஜனை ஏற்றுப் பைரோகுளோராக மாறும். யூரோப்பியம் முழுவதும் +2 ஆக இருந்தால் எடை 3.23 விழுக்காடு கூட வேண்டும். வெப்ப எடைமானியில் கூடிய எடை இதைவிடக் குறைவானால், அந்தக் குறைவின் விகிதத்தில் தொடக்கத்திலேயே +3 இருந்தது என்று கொள்ளலாம். பெரிய கருவிகள் இல்லாத கல்லூரி ஆய்வகத்திலும் செய்யக்கூடிய, முழு மாதிரியையும் ஒருசேர அளக்கும் இம்முறையை இன்று பலர் தவிர்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

மூன்றாம் படி: எக்ஸ் கதிர் விளிம்பு விலகல்

எக்ஸ் கதிர்கள் பொடியிலிருந்து விலகி வெளிவரும் கோணங்களிலிருந்து அலகுக்கூட்டு நீளத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். 1:1 சல்பைடு சமையல் உப்பின் அமைப்பில் 5.97 ஆங்ஸ்ட்ராம், 3:4 சல்பைடு 8.53 ஆங்ஸ்ட்ராம், டைட்டனேட்டு 3.905 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் நீளமே. +2, +3 அயனிகளின் ஆரங்கள் இவ்வளவு வேறுபடுவதால், இணைதிறன் மாறினால் நீளமும் மாறும்.

இரண்டு வரம்புகளை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு மூன்று விழுக்காட்டுக்குக் கீழான வேற்றுச் சேர்மம் சாதாரண விளிம்பு விலகலில் தெரியாமல் போகலாம். மேலும், +2 அயனிக்கும் +3 அயனிக்கும் ஏறத்தாழ அறுபது எலக்ட்ரான்களில் ஒன்றே வேறுபாடு. ஆகவே எந்த இடத்தில் எந்த அயனி என்பதைச் சாதாரண எக்ஸ் கதிர் பிரித்தறியாது. நியூட்ரானை நாடினால் வேறொரு சிக்கல்: இயற்கை யூரோப்பியம் நியூட்ரான்களை மிக வலுவாக விழுங்கும். 151, 153 ஆகிய இரண்டு இயற்கை ஐசோடோப்புகளில் 151தான் பெருமளவு விழுங்குவது என்பதால், 153 செறிவூட்டிய மாதிரி தேவைப்படும்.

நான்காம் படி: காந்த அளவீடு

+2 அயனிக்கு ஏழு தனித்த எலக்ட்ரான்கள். அதன் காந்தத் திருப்புத்திறன் 7.94 போர் மேக்னடான் (அணுக்களின் காந்த வலிமையை அளக்கும் அலகு), வெப்பநிலையைச் சார்ந்து மாறாதது. +3 அயனியின் கதை வேறு. அதன் தாழ்நிலையில் மொத்தக் கோண உந்தம் சுழியம். ஆகவே மிகக் குறைந்த வெப்பநிலையில் அதற்கு நிலையான திருப்புத்திறனே இல்லை. ஆனால் அடுத்த ஆற்றல்நிலை சில நூறு கெல்வின் உயரத்திலேயே இருப்பதால், அறை வெப்பநிலையில் அது 3.4 போர் மேக்னடான் அளவுக்குக் காந்தத் தன்மை காட்டும். இந்நடத்தையைக் கோட்பாட்டளவில் விளக்கியவர் இயற்பியலாளர் வான் விளெக்.

அறை வெப்பநிலையில் திருப்புத்திறன்களை வர்க்கமாக்கித்தான் கூட்ட வேண்டும். +2க்கு 63, +3க்கு 11.6. 3:4 சல்பைடில் மூன்றில் ஒரு பங்கு +2 என்றால், 21 + 7.7 = 28.7, அதன் வர்க்கமூலம் 5.36. ஓர் யூரோப்பியத்துக்கு இந்த மதிப்புக் கிடைத்தால் கணக்கு ஒத்துப்போகிறது. திருப்புத்திறன்களை நேராகச் சராசரி எடுத்தால் 4.9 வரும், அது பிழை. கூர்மையான சோதனை தாழ் வெப்பநிலையில் இருக்கிறது: சில கெல்வினில் வலிய காந்தப்புலம் கொடுத்தால், +3 அயனிகள் ஏறத்தாழ ஒதுங்கிக்கொள்ள, ஒவ்வொரு +2 அயனியும் 7 போர் மேக்னடான் தரும். ஆகவே 3:4 சல்பைடின் ஒரு வாய்பாட்டு அலகுக்கு 7 போர் மேக்னடான் வர வேண்டும்.

காந்தமானி தூய்மையையும் காட்டிக்கொடுக்கும். 3:4 சல்பைடு 4 கெல்வினை ஒட்டித்தான் ஃபெரோ காந்தமாகிறது. 1:1 சல்பைடு 16.5 கெல்வினிலும், யூரோப்பியத்தின் +2 ஆக்சைடு 69 கெல்வினிலும் ஃபெரோ காந்தமாகின்றன. எக்ஸ் கதிரில் தெரியாத சிறு கலப்படமும் இந்த வெப்பநிலைகளில் காந்தமாக்கலில் ஒரு படிக்கட்டாக எழும். எனவே குறைந்த புலத்தில் 100 கெல்வினிலிருந்து கீழ்நோக்கி ஒரு வளைவரை எடுத்து, 69இலும் 16.5இலும் ஏதேனும் எழுகிறதா என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

யூரோப்பியம் டைட்டனேட்டு 5.5 கெல்வினில், அண்டைத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அடுக்கப்படும் எதிர்ஃபெரோ காந்தமாகிறது. அப்போது அதன் மின்காப்பு மாறிலியும் சட்டென்று மாறுவதைக் காட்சுஃபுஜியும் தாகாகியும் 2001இல் காட்டினர். +2 அயனியின் தற்சுழற்சி படிகத்தின் அதிர்வுகளோடு பிணைந்திருப்பதற்கு இது சான்று. டிஸ்புரோசியம் ஸ்காண்டேட்டு மீது இழுவிசையுடன் வளர்த்த மென்படலத்தில் அதே சேர்மம் ஃபெரோ காந்தமாகவும் ஃபெரோ மின்பொருளாகவும் மாறுவது 2010இல் தெரியவந்தது. இத்தகைய நுண்ணிய விளைவுகளைத் தேடுவோருக்கு சில விழுக்காடு +3 கலப்பும் முடிவைக் குலைத்துவிடும்.

ஐந்தாம் படி: மாஸ்பாவர் நிறமாலையும் கால அளவும்

யூரோப்பிய வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த அளவீடு இதுவே. யூரோப்பியம் 151இன் அணுக்கரு 21.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிரைப் பின்னுதையின்றி, அதாவது பின்னோக்கித் தள்ளப்படாமல், உறிஞ்சக்கூடியது. அந்தக் கதிரைத் தரும் மூலமாகச் சமாரியம் 151 பயன்படுகிறது. அணுக்கருவின் மீது எலக்ட்ரான் அடர்த்தி மாறும்போது உறிஞ்சும் ஆற்றல் நுண்ணிய அளவில் நகரும். இந்த ஐசோமர் பெயர்ச்சியை, மூலத்தை நகர்த்தும் வேகமாகக் குறிப்பிடுவார்கள். யூரோப்பியம் டிரைஃபுளூரைடைச் சுழியமாகக் கொண்டால், +3 அயனி 0 முதல் +1 மி.மீ./நொடி வரையிலும், +2 அயனி −11 முதல் −14 மி.மீ./நொடி வரையிலும் தோன்றும். இவ்வளவு தெளிவான பிரிவு வேறு பல தனிமங்களுக்குக் கிடைக்காத வரம்.

3:4 சல்பைடைக் குளிர்நிலையில் அளந்தால் இரண்டு கோடுகள் தனித்தனியே தெரியும். சூடேற்றச் சூடேற்ற அவை அகன்று, ஒன்றையொன்று நெருங்கி, அறை வெப்பநிலையை அடையும்போது ஒரே கோடாகின்றன. அந்தக் கோடு நிற்கும் இடம் இரண்டு நிலைகளின் எடையிட்ட சராசரி. +2ஐ −12 என்றும் +3ஐச் சுழியம் என்றும் கொண்டால் −4ஐ ஒட்டி வரும். இதை 1968இல் பெர்கூஸ், மலமுத், ஷ்ட்ரிக்மன் ஆகியோர் எலக்ட்ரான் தாவலின் சான்றாக வெளியிட்டனர்.

கோடுகள் ஏன் இணைகின்றன? சுழலும் மின்விசிறியைக் குறைந்த திறப்பு நேரத்தில் படமெடுத்தால் இறக்கைகள் தனித்தனியே தெரியும், நீண்ட நேரம் திறந்துவைத்தால் வட்டமாகத் தெரியும். மாஸ்பாவர் அளவீட்டின் திறப்பு நேரம் சில நானோ நொடி. எண்ணால் சொன்னால், 12 மி.மீ./நொடி வேறுபாடு நொடிக்கு ஏறத்தாழ 20 கோடி அதிர்வு என்ற அதிர்வெண்ணுக்குச் சமம். எலக்ட்ரான் அதைவிட வேகமாகத் தாவினால் அணுக்கரு சராசரியை உணரும். மெதுவாகத் தாவினால் இரண்டையும் தனித்து உணரும்.

தாவலுக்குத் தேவையான ஆற்றல் 0.2 எலக்ட்ரான் வோல்ட் என்றும், தாவ முயலும் அதிர்வெண் நொடிக்கு 10 இலட்சம் கோடி என்றும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 300 கெல்வினில் நொடிக்கு 400 கோடி முறை தாவும். 200 கெல்வினில் 9 கோடி. 100 கெல்வினில் ஆயிரத்துக்கும் குறைவு. கருவியின் எல்லையான 20 கோடி, 300க்கும் 200க்கும் இடையே விழுகிறது. கோடுகள் இணையும் வெப்பநிலை இந்தக் கணக்கிலிருந்தே வந்துவிடுகிறது. ஏறத்தாழ 186 கெல்வினுக்குக் கீழே எலக்ட்ரான்கள் ஒழுங்கமைந்து, படிகமும் கனசதுரத்திலிருந்து சற்றே விலகுவதால், அங்கே இந்த எளிய கணக்கு முழுமையாகப் பொருந்தாது. இரும்பின் கலப்பு இணைதிறன் ஆக்சைடான மேக்னடைட்டில் 120 கெல்வினை ஒட்டி நிகழும் வெர்வே மாற்றத்தோடு இதை ஒப்பிடுவர்.

செயல்முறையில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, ஒரே வெப்பநிலையில் எடுத்த நிறமாலையை வைத்து முடிவு கட்டாதீர்கள். திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் ஒன்று, அறை வெப்பநிலையில் ஒன்று, இடையில் இரண்டு என்று எடுத்தால்தான் தாவலா கலவையா என்று தெரியும். வெவ்வேறு சேர்மங்களின் கலவையானால் கோடுகள் எந்த வெப்பநிலையிலும் இணையா. இரண்டாவது, கோட்டுப் பரப்புகளின் விகிதம் அப்படியே அயனிகளின் விகிதமாகாது. +2 அயனி தளர்வாகப் பிணைந்திருப்பதால் பின்னுதையற்ற உறிஞ்சலின் பங்கு அதற்குக் குறைவு, வெப்பநிலை உயர உயர இந்த வேறுபாடு கூடும். ஆகவே பரப்பு விகிதத்தைக் குளிர்நிலை நிறமாலையிலிருந்தே எடுக்க வேண்டும். மூன்றாவது, எந்தச் சேர்மத்தைச் சுழியமாகக் கொண்டீர்கள் என்று எழுதாத எண்ணை வேறொருவர் பயன்படுத்த முடியாது.

ஆறாம் படி: எக்ஸ் கதிர் உறிஞ்சலும் ஒளிஎலக்ட்ரானும்

யூரோப்பியத்தின் எல்-3 விளிம்பு, அதாவது ஓர் உள்கூட்டு எலக்ட்ரானை வெளியேற்ற எக்ஸ் கதிருக்குத் தேவையான ஆற்றல், 6.98 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவில் உள்ளது. +2 அயனியின் உச்சிக்கும் +3 அயனியின் உச்சிக்கும் 7 முதல் 8 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி இருப்பதால் இரண்டையும் பிரித்துப் பொருத்துவது எளிது. இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் இந்த ஆற்றலை எட்டக்கூடியது. இந்த அளவீட்டின் திறப்பு நேரம் ஃபெம்டோ நொடி அளவிலானது. எந்தத் தாவலும் அதைவிட வேகமாக நிகழாது. ஆகவே அறை வெப்பநிலையில் மாஸ்பாவர் ஒரே கோட்டைக் காட்டும் அதே மாதிரி, இங்கே இரண்டு உச்சிகளையும் காட்டும். இரண்டும் உண்மையே. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதாக எண்ணி மாதிரியைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. இவ்விரண்டும் இப்படி வேறுபடுவதுதான் எலக்ட்ரான் தாவுகிறது என்பதற்கு வலுவான சான்று.

எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலை பல நிறுவனங்களில் எளிதில் கிடைப்பதால் பலரும் அதையே முதலில் நாடுகின்றனர். 3டி மட்டத்தில் +2, +3 கோடுகள் 10 எலக்ட்ரான் வோல்ட் விலகி நிற்பதும் கவர்ச்சியானதே. ஆனால் அது மேற்பரப்பின் சில நானோமீட்டர் ஆழத்தையே பார்க்கிறது. சல்பைடின் மேற்பரப்போ காற்றுப் பட்டவுடன் ஆக்சிஜனேற்றமடையத் தொடங்கிவிடும். அதோடு, ஒளிஎலக்ட்ரான் வெளியேறும் நொடியில் எஞ்சிய எலக்ட்ரான்கள் இடம் மாறுவதால், முழுவதும் +3 உள்ள சேர்மத்திலும் +2இன் இடத்தில் ஒரு துணைக்கோடு எழும்; மறுபுறமும் அவ்வாறே நிகழும். அந்தத் துணைக்கோட்டைக் கலப்பு இணைதிறன் என்று எழுதிய கட்டுரைகள் வெளிவருவதைத் தடுக்க மதிப்பீட்டாளர்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. இம்முறையைத் துணைச் சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒளிர்வு

+3 அயனி கூர்மையான கோடுகளாகச் செம்மஞ்சளிலும் சிவப்பிலும் ஒளிரும்: 590 நானோமீட்டரை ஒட்டி ஒன்று, 612இலிருந்து 615க்குள் இன்னொன்று. முன்னது சூழலால் அதிகம் மாறாதது. பின்னது அயனியின் இடம் சமச்சீரற்றதாக இருந்தால் வலுப்பெறும். ஆகவே இவற்றின் விகிதத்திலிருந்து இடத்தின் சமச்சீரை ஊகிக்கலாம். +2 அயனியின் ஒளிர்வு 5டி மட்டத்திலிருந்து இறங்குவதால் அகன்ற பட்டையாக வரும், அதன் நிறம் சூழலுக்கேற்ப மாறும்: கால்சியம் சல்பைடில் ஆழ்ந்த சிவப்பு, ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் பச்சை, 2020இல் வெளியான சீசியம் யூரோப்பியம் குளோரைடு பெரோவ்ஸ்கைட்டு நானோபடிகங்களில் 435 நானோமீட்டர் நீலம்.

கருநிறச் சேர்மங்களுக்கு இந்தப் படி பயன்படாது; 3:4 சல்பைடோ டைட்டனேட்டோ ஒளியைத் தாமே விழுங்கிவிடும். அவற்றில் 612இல் ஒரு கோடு தெரிந்தால் அது பெரும்பாலும் ஆக்சிசல்பைடு போன்ற கலப்படத்திலிருந்து வருவதே. ஒளிர்வு மிகச் சிறு பங்கையும் பெரிதாக்கிக் காட்டும் என்பதால், அயனிகளின் விகிதத்தை அதிலிருந்து ஒருபோதும் கணக்கிடக் கூடாது.

எட்டாம் படி: ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டில் யூரோப்பியம்

சூரிய மின்கலங்களில் பயன்படும் ஈய அயோடைடு பெரோவ்ஸ்கைட்டில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே யூரோப்பியம் மிகச் சிறிதளவே சேர்க்கப்படுகிறது. சீசியம் ஈய அயோடைடின் கருநிற வடிவத்தை நிலைப்படுத்த யூரோப்பியம் உதவுவது 2018இல் தெரிவிக்கப்பட்டது. 2019இல் பீகிங் பல்கலைக்கழகக் குழு ஒன்று, யூரோப்பியம் அசிட்டைல்அசிட்டோனேட்டைச் சேர்த்து, +3, +2 இணையைப் பழுது நீக்கும் சுழற்சியாக இயக்கிக் காட்டியது. ஒளியிலும் வெப்பத்திலும் கலம் சீர்கெடும்போது ஈயம் உலோகமாகவும், அயோடைடு அயோடினாகவும் மாறுகின்றன. +3 அயனி ஈய உலோகத்திடமிருந்து எலக்ட்ரானைப் பெற்று அதை மீண்டும் அயனியாக்குகிறது. அவ்வாறு உண்டான +2 அயனி அந்த எலக்ட்ரானை அயோடினுக்குக் கொடுத்து மீண்டும் +3 ஆகிறது. யூரோப்பியம் தீர்ந்துபோவதில்லை. அக்கலத்தின் திறன் 21.52 விழுக்காடு, 85 டிகிரி செல்சியசில் 1500 மணி நேரத்துக்குப் பின்னும் உச்சத் திறனில் 89 விழுக்காடு எஞ்சியிருந்தது.

இந்தச் சுழற்சியை நீர்க்கரைசல் அட்டவணையை வைத்து மதிப்பிட முயன்றால் குழப்பமே மிஞ்சும். யூரோப்பியத்தின் −0.35 வோல்ட், ஈயத்தின் −0.13 வோல்ட்டைவிடத் தாழ்வானது. அந்தக் கணக்கின்படி +3 அயனி ஈய உலோகத்தை ஆக்சிஜனேற்றம் செய்யக் கூடாது. ஆனால் இரண்டு வினைகளையும் கூட்டினால் கிடைப்பது ஈயமும் அயோடினும் சேர்ந்து மீண்டும் ஈய அயோடைடு ஆகும் வினை. அயோடினின் மின்னழுத்தம் +0.54 வோல்ட் என்பதால் அது வலுவாக முன்னோக்கிச் செல்லக்கூடியது. உருவாகும் +2 அயனியை அயோடின் உடனுக்குடன் அகற்றிக்கொண்டே இருந்தால், முதல் வினையும் இழுத்துச் செல்லப்படும். மேலும் திண்மத்தில் அயனிகளைச் சூழ்ந்திருப்பது நீரல்ல, அயோடைடும் கரிம ஈந்தணைவியும், மின்னழுத்தங்களே நகர்ந்துவிடும்.

இத்தகைய மென்படலத்தை ஆராய்வோர், ஆக்சிஜனேற்ற நிலை மாறாத யிட்ரியம் போன்ற ஒரு +3 அயனியை அதே அளவு சேர்த்த ஒப்பீட்டு மாதிரியையும் தயாரிக்க வேண்டும். நிலைப்புத்தன்மை யிட்ரியத்திலும் கூடினால், அதற்குக் காரணம் படிகத்துகள் வளர்ச்சியோ எல்லைகளின் சீரமைப்போதான். எலக்ட்ரான் பரிமாற்றம் அல்ல. +3 அயனி ஈயத்தின் இடத்துக்குச் சிறியது, மின்சுமையும் பொருந்தாதது என்பதால், அது படிகத்துக்குள் நுழையாமல் துகள்களின் எல்லைகளில் தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அலகுக்கூட்டு நீளம் சேர்த்த அளவுக்கேற்ப ஒழுங்காக மாறுகிறதா என்று பார்க்காமல் 'கலக்கப்பட்டது' என்று எழுதக் கூடாது. எக்ஸ் கதிர்க் கற்றையே அயனியை ஒடுக்கிவிடக்கூடும் என்பதால், அதே புள்ளியில் அடுத்தடுத்து நிறமாலைகள் எடுத்து, நேரத்தோடு +2 கூடுகிறதா என்று சரிபார்ப்பதும் அவசியம்.

முடிவுகள் முரண்படும்போது

நடைமுறையில் எல்லாக் கருவிகளும் ஒரே எண்ணைத் தருவதில்லை. ஒளிஎலக்ட்ரான் நிறமாலையில் +3 அதிகமாகவும் உறிஞ்சல் விளிம்பில் குறைவாகவும் இருந்தால், மேற்பரப்பு ஆக்சிஜனேற்றமடைந்திருக்கிறது. கையுறைப் பெட்டிக்குள் உடைத்த புதிய முகத்தை அளந்து பாருங்கள். காந்த அளவீட்டில் கிடைக்கும் +2இன் பங்கு, எடை கூடலில் கிடைப்பதைவிடக் குறைவாக இருந்தால், மாதிரியில் எஞ்சிய, யூரோப்பியமே இல்லாத மூலப்பொருள் ஏதேனும் தானும் ஆக்சிஜனை ஏற்று எடை கூடலை மிகைப்படுத்திக் காட்டுகிறதா என்று தேடுங்கள். விளிம்பு உறிஞ்சல் இரண்டு உச்சிகளையும், குளிர்நிலை மாஸ்பாவர் இரண்டு கோடுகளையும் தந்து, அறை வெப்பநிலை மாஸ்பாவரும் இரண்டு இணையாத கோடுகளையே தந்தால், எலக்ட்ரான் பூட்டப்பட்ட முதல் வகுப்புச் சேர்மமோ சாதாரணக் கலவையோ உங்கள் கையில் உள்ளது. விளிம்பு விலகலில் யூரோப்பியத்துக்கு இரண்டு தனி இடங்கள் உள்ளனவா என்பதே அப்போது தீர்ப்பு வழங்கும்.

சல்பைடுகளிலேயே சராசரி எண் பின்னமாக வந்தும் தாவல் எளிதில் பிடிபடாத சேர்மங்கள் உண்டு. யூரோப்பியம், பிஸ்மத்து, கந்தகம், ஃபுளூரின் ஆகியவை அடங்கிய அடுக்குச் சேர்மத்தில் யூரோப்பியத்தின் இணைதிறன் 2ஐவிடச் சற்றே கூடுதல். யூரோப்பியம் இழந்த அந்தச் சிறு பங்கு எலக்ட்ரான்கள் பிஸ்மத்து கந்தக அடுக்குக்குச் சென்று, எந்த வேற்றணுவும் சேர்க்காமலேயே 0.3 கெல்வினில் மீக்கடத்துதிறனை உண்டாக்குவது 2014இல் கண்டறியப்பட்டது. இத்தகைய சேர்மத்தில் பின்னத்தின் இரண்டாம் தசம இலக்கமே இயற்பியலை முடிவு செய்வதால், காந்த அளவீடு, விளிம்பு உறிஞ்சல், மாஸ்பாவர் ஆகிய மூன்றையும் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து எடுத்த பொடியில் செய்ய வேண்டும். அந்தப் பொடி எந்த வாயுவில், எத்தனை நாள் வைக்கப்பட்டிருந்தது, ஒவ்வொரு அளவீடும் எந்த வெப்பநிலையில் நடந்தது, ஒப்பீட்டுக்கு எந்தச் சேர்மங்கள் பயன்பட்டன என்பனவற்றை இணைதிறன் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.